டெபியன் 12-இல் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் தெரியவில்லை: எதைப் பார்த்து வாங்குவது?

மஞ்சள்மண்டி (ஈரோடு):
மண்டிக் கணக்குக்கு வைத்திருக்கும் பழைய மேசைக்கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12 நிறுவியிருக்கிறேன். ரூட்டர் முன்கட்டிலும் கணினி கிடங்கை ஒட்டிய அறையிலும் இருப்பதால் கேபிள் இழுக்க வழியில்லை. ஆகவே உறையின் மேல் 'லினக்ஸ்' என்று அச்சிட்டிருந்ததை நம்பி, காந்திபுரத்துக் கடை ஒன்றில் நகமளவு யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். செருகினால் விளக்கு எரிகிறது. வைஃபை மட்டும் வரவில்லை. திருப்பிக் கொடுப்பதானால் அடுத்து எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

நொய்யல்கரை (திருப்பூர்):
விரலியை ஒடித்துப் பார்க்காமல் சாக்கின் மேலுள்ள எழுத்துக்கு விலை வைப்பீர்களா? இங்கும் உள்ளே இருக்கும் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் சிப் மாறிவிடுவதும் உண்டு: டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக். டெர்மினலில், செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையை இட்டு, அடாப்டருக்கு உரிய வரியை இங்கே எழுதுங்கள்.

மஞ்சள்மண்டி:
அடையாள எண் 1ஏ2பி என்று முடிகிறது. பெயர் 'டிஸ்க்' என்றிருக்கிறது. பென்டிரைவை விற்றுவிட்டார்களோ?

நொய்யல்கரை:
இல்லை. விண்டோஸ் டிரைவரை (சாதனத்தை இயக்கும் நிரலை) உள்ளேயே சுமந்துவரும் அடாப்டர்கள் முதலில் தம்மைக் குறுந்தகடாகக் காட்டிக்கொள்ளும். கோப்பு மேலாளரில் அந்தத் தகட்டை இஜெக்ட் செய்துவிட்டு மீண்டும் பாருங்கள். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பொதியை நிறுவினால் பெரும்பாலும் தானாகவே மாறிக்கொள்ளும்.

மஞ்சள்மண்டி:
இப்போது எண் சி820 என்று மாறிவிட்டது. ஆனால் வைஃபை இன்னும் வரவில்லை.

பவானிக்காரர்:
சி820 என்றால் ஆர்டிஎல்8821சியூ சிப். அதற்கான யூஎஸ்பி டிரைவர் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் 6.2 பதிப்பில்தான் சேர்ந்தது, டெபியன் 12 உடன் வருவதோ 6.1. ஆகவே அடாப்டரைத் திருப்ப வேண்டியதில்லை. கைப்பேசியின் இணையத்தை யூஎஸ்பி கேபிள் வழியே கணினிக்குத் தரும் டெதரிங்கில் இணைத்து, புக்வார்ம் (டெபியன் 12-இன் பெயர்) பதிப்புக்குப் புதிய பொதிகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலையும், கூடவே சிப்புக்குள் ஏற்றப்படும் நிரலான ரியல்டெக் ஃபர்ம்வேர் பொதியையும் நிறுவுங்கள். கிட்ஹப்பில் கிடைக்கும் தனி டிரைவரைத் தொகுத்துப் போடுவதை நான் விரும்புவதில்லை. கெர்னல் புதுப்பிக்கப்படும் நாளில் அது நின்றுபோனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கெர்னலைத் தொட மனமில்லை என்றால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதை வாங்கலாம். அதன் டிரைவர் 4.19 முதலே கெர்னலில் இருக்கிறது.

மஞ்சள்மண்டி:
பேக்போர்ட்ஸ் கெர்னல் ஏறியதும் வைஃபை வந்துவிட்டது, மிக்க நன்றி. கணினியின் பின்புறத்தில் செருகியபோது சிக்னல் ஒரு கோடுதான் காட்டியது. யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டி சன்னல் கம்பியில் கட்டிய பிறகு மூன்று கோடுகள் நிற்கின்றன.