கலரியில் போத்தல் பறந்தால் பொலிஸ் எவ்வளவு தூரம் போகலாம்?

கொட்டாஞ்சேனைப் பந்து கேட்டது:

வணக்கம். கொழும்பில் பாடசாலை மைதானம் ஒன்றில் கழகங்களுக்கிடையிலான உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. பாதுகாப்புத் திட்டம் எழுதிப் பொலிஸுக்குக் கொடுக்க வேண்டும். 3000 பேர் வருவார்கள் என்று கணக்கு, எல்லாரும் ஒரே கலரியில். இறங்க 2 படிக்கட்டுகள், ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் அகலம், அடியில் இரும்புக் கேற். கலரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஆளுயரக் கம்பிவேலி.

போத்தல் எறிந்தால், மைதானத்துக்குள் இறங்கினால், பொலிஸ் எந்தக் கட்டத்தில் பொல்லைத் தூக்கலாம்? யார் உத்தரவு கொடுக்க வேண்டும்? கண்ணீர்ப்புகை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா? அடி வாங்கினவன் பிறகு எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சட்டப்புத்தகம்:

முதலில் உத்தரவு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 95ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்தையோ, அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து பேருக்குக் குறையாத கூட்டத்தையோ கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் நீதவானுக்கும், பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கும்தான். கேற்றடியில் நிற்கும் கான்ஸ்டபிள் தன் பாட்டில் "கலரியைக் காலி பண்ணுங்கடா" என்று பொல்லோடு ஏற முடியாது. சொல்லியும் கலையாவிட்டால், அல்லது கலைய மாட்டோம் என்பது நடத்தையிலேயே தெரிந்தால், தேவையான அளவு பலத்தைப் பாவிக்கலாம்.

"தேவையான அளவு" என்பதில்தான் முழு வழக்கும் நிற்கும். பலம் கலைப்பதற்கு, தண்டிப்பதற்கு அல்ல. ஓடிக்கொண்டிருப்பவன் முதுகில் விழுகிற அடிக்கு இந்தப் பிரிவில் இடமே இல்லை. போத்தல் எறிந்த ஒருவனைப் பிடிக்க வேண்டுமென்றால் அது கைது: காரணம் சொல்ல வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், அடங்கின பிறகு கை வைக்கக் கூடாது. ஒருவன் எறிந்ததற்காக அவனைச் சுற்றியிருந்த முப்பது பேருக்கும் அடி போட்டால், அரசியலமைப்பின் 11ஆம் (சித்திரவதைத் தடை), 12ஆம் (சட்டத்தின் முன் சமத்துவம்) உறுப்புரைகளில் வந்து நிற்கும்.

திட்டத்தில் இரண்டு விசயம் எழுதுங்கோ. பரிசோதகர் தரத்தில் ஒருவர் போட்டி முடிந்து கலரி காலியாகும் வரை மைதானத்திலேயே இருக்க வேண்டும். கலையச் சொல்லும் அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் ஒலிபெருக்கியில், எந்த வழியால் போவது என்பதையும் சேர்த்து, குறைந்தது மூன்று தரம் சொல்லப்பட வேண்டும். விளங்காத மொழியில் ஒருதரம் கத்திவிட்டு அடிப்பதைக் கட்டளை என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கஷ்டம். ரசிகர்களின் பபரே பாண்ட் வாத்தியம் வாசிக்கும்போது சொன்னால் எந்த மொழியும் கேட்காது. முதலில் பாண்டை நிறுத்த ஒருவரை நியமியுங்கோ.

படிக்கட்டுக் கணக்கு:

சட்டம் சரி. உங்களுடைய பிரச்சினை பொல்லு அல்ல, கேற்.

பிரித்தானியாவின் விளையாட்டரங்குப் பாதுகாப்பு வழிகாட்டியை எல்லாரும் "கிரீன் கைட்" என்பார்கள். அதில் ஒரு மீற்றர் அகலப் படிக்கட்டால் நிமிசத்துக்கு 66 பேர், சமதரையால் 82 பேர் என்று கணக்கு. கலரி 8 நிமிசத்துக்குள் காலியாக வேண்டும். உங்களுடைய 1.2 மீற்றர் படிக்கட்டால் நிமிசத்துக்கு 79 பேர் போகலாம், இரண்டாலும் 158. 3000 பேர் இறங்க 19 நிமிசம். ஒரு கேற் பூட்டியிருந்தால் 38 நிமிசம். இது அமைதியாக நடந்து போகும் கணக்கு. புகை விழுந்தால் 3000 பேரும் அதே நிமிசத்தில் அந்த 2.4 மீற்றரை நோக்கி வருவார்கள்.

உலகத்தில் நடந்த பெரிய சாவுகள் இந்த ஒரே மாதிரியில்தான். பெருவின் லீமா, 1964 மே 24: கோலை மறுத்தார்கள், ஆட்கள் இறங்கினார்கள், பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது, படிக்கட்டின் அடியில் இரும்புக் கதவுகள் மூடிக் கிடந்தன. உத்தியோகபூர்வக் கணக்கே 328 பேர். கானாவின் அக்ரா, 2001 மே 9: ஆசனங்களை உடைத்து எறிந்தார்கள், புகை அடித்தார்கள், கேற் பூட்டு, 127 பேர். இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கு, 2022 ஒக்ரோபர் 1: 135 பேர். அங்கே எதிரணி ரசிகர்களை உள்ளே விடவே இல்லை, சண்டை பிடிக்க ஆளே இல்லை. தோற்ற அணியின் ஆட்கள் இறங்கினார்கள் என்று கலரிக்குள்ளும் புகையை அடித்தார்கள். இவர்களில் பெரும்பாலானோர் செத்தது புகையால் அல்ல. ஒடுக்கமான வாசலில் முன்னால் நெஞ்சு, பின்னால் நெஞ்சு, மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்பு விரிய இடமில்லை. நின்றபடியே சாவார்கள்.

இனி வேலி. மைதானப் பக்கம் 3 மீற்றர் அகலத்தில் கேற் வையுங்கோ, பூட்டு வேண்டாம், மைதானப் பக்கம் திறக்கிற கொண்டி போதும். நிமிசத்துக்கு 246 பேர் கூடும். மொத்தம் 404, ஏழரை நிமிசத்தில் முடியும். கலரிக்குள்ளேயிருந்து அந்தக் கேற்றுக்கு இறங்கும் பாதையும் அதே அகலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்.

பொலிஸ் இதை விரும்ப மாட்டார்கள், ஆட்களை மைதானத்துக்குள் விடாமல் நிற்பதுதான் தங்களுடைய வேலை என்பார்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் அதுதான் நடந்தது. நெரிசலிலிருந்து வேலி ஏறித் தப்பியவர்களை, கலகக்காரர் மைதானத்துக்குள் இறங்குகிறார்கள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 97 பேர் போனார்கள். ஒருவன் இருவராகக் குதித்து நடுமைதானத்துக்கு ஓடுகிறவன் வேறு. கீழ்வரிசையில் வேலியோடு முகம் ஒட்டி நின்று, பாட்டு நின்று, கையை மேலே நீட்டுகிற கூட்டம் வேறு. இரண்டாவதைக் கண்டால் கேற்றைத் திறக்க வேண்டும், பொல்லை அல்ல. கேற்றடியில் நிற்பவர் யாரிடமும் கேட்காமல் திறக்கலாம் என்று பெயர் போட்டு எழுதுங்கோ.

வெள்ளவத்தைக் காற்று:

எல்லாம் சரி, ஆனால் பொலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் ஆள் சாகும். எகிப்தின் போர்ட் சயீத்தில், 2012 பெப்ரவரி 1, இறங்கியவர்கள் எதிரணிக் கலரிக்குள் போய் அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 74 பேர். பலம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பொலிஸ் அதையே சாட்டாக வைத்துக்கொள்ளும்.

படிக்கட்டுக் கணக்கு:

வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அங்கேயும் வெளியே போகிற கேற் பூட்டித்தான் கிடந்தது. இரண்டு ரசிகர் கூட்டத்துக்கும் நடுவில் நாலைந்து வரிசை ஆசனங்களை வெறுமையாக விட்டு, அதில் ஆரம்பத்திலிருந்தே பொலிஸை நிறுத்துங்கோ. சண்டை தொடங்கின பிறகு கீழேயிருந்து ஏறுகிற பொலிஸ் படிக்கட்டை அடைத்துவிடும், இறங்குகிறவனுக்கு வழி இருக்காது. பிரிப்பதற்கு ஆளைத் தள்ளுவதும் பலம்தான், அது நியாயமான பலம்.

கொழும்பு கெத்தாராம மைதானத்தில் 2015 ஜூலை 19, பாகிஸ்தானுடனான ஒருநாள் கிரிக்கெட் போட்டியில் கல் விழுந்தபோதும், பல்லேகலவில் 2017 ஓகஸ்ட் 27, இந்தியாவுக்கு இன்னும் 8 ஓட்டம் தேவை என்றபோது போத்தல் விழுந்தபோதும் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களை ஒதுக்கி, குழப்பம் நடந்த பகுதியை மட்டும் காலி பண்ணினார்கள். அரை மணித்தியாலம் போனது, ஆட்டம் திரும்பத் தொடங்கியது. அரை மணித்தியாலத்தைச் செலவழிக்க நடுவர் தயாராக இருக்கிறாரா என்று முதலே கேளுங்கோ.

போத்தலுக்கு: மூடி போட்ட அரை லீற்றர் தண்ணிப் போத்தல் குண்டு மாதிரிப் பறக்கும். மூடி இல்லாவிட்டால் பாதி வழியில் தண்ணி கொட்டி விழுந்துவிடும். வாசலிலேயே மூடியை வாங்கி வையுங்கோ, உள்ளே கடதாசிக் கோப்பையில் மட்டும் விற்கச் சொல்லுங்கோ. கலரிக்குப் பின்னால் கட்டிட வேலைக் கல் கிடந்தால் முதல் நாளே அள்ளுங்கோ.

கொட்டாஞ்சேனைப் பந்து:

நன்றி அண்ணாமார். ரிக்கெட் இல்லாமல் ஏறுவார்கள் என்றுதான் கேற்றைப் பூட்டச் சொல்கிறார்கள். கண்ணீர்ப்புகைக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சட்டப்புத்தகம்:

ரிக்கெட் பார்ப்பது வெளிவாசலில், கலரிக்கு 30, 40 மீற்றர் முன்னால். கலரிக் கேற்றில் பார்த்தால் பூட்டத்தான் மனம் வரும்.

கண்ணீர்ப்புகை: ஃபிஃபாவின் அரங்கப் பாதுகாப்பு விதிகள், 19ஆம் உறுப்புரை, மைதான ஓரத்தில் நிற்பவர்கள் துப்பாக்கியையோ கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாயுவையோ வைத்திருக்கவும் கூடாது, பாவிக்கவும் கூடாது என்கிறது. உங்களுடைய கழகப் போட்டிக்கு அது தானாகப் பொருந்தாது, பொலிஸைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. ஆனால் அந்த வாசகத்தைத் திட்டத்தில் போட்டு, போட்டிக்கு முந்தின கூட்டத்தில் ஓஐசியின் (பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி) ஒப்பத்தோடு குறிப்பில் ஏற்றலாம். பிறகு "யாரும் சொல்லவில்லை" என்ற பேச்சு வராது.

மருந்துப்பெட்டி:

கண்ணீர்ப்புகை பெயருக்குத்தான் புகை, உண்மையில் நுண்ணிய தூள். காற்றில்லாத கலரியில் தாழ்ந்து கீழ்வரிசையில் தங்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடமும் அதுதான். பட்டால் கண்ணைக் கசக்க வேண்டாம், காற்று வரும் பக்கம் நடந்து, சாதாரணத் தண்ணியால் 10, 15 நிமிசம் கழுவுங்கோ. கொன்டக்ட் லென்ஸைக் கழற்றுங்கோ. தேசிக்காயும் பற்பசையும் எரிச்சலைக் கூட்டும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் குறையும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு நிற்காவிட்டால் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

பொல்லடி: தோலில் இரண்டு இணைகோடு, நடுவில் வெளிறிய பட்டை, தண்டவாளம் மாதிரி. உருண்டையான பொல்லின் அடையாளம் அது. விழுந்து அடிபட்டால் அப்படி வராது. நாட்போக்கில் நிறம் மாறிக் கலங்கிவிடும். அதனால் அன்றைக்கே படம், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்து அளவு தெரிய. ஆஸ்பத்திரியில் "விழுந்தேன்" என்று சொல்ல வேண்டாம், யார் எதனால் அடித்தது என்று சொல்லுங்கோ. சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கோ. அதற்கான படிவத்தைப் பொலிஸ்தான் நிரப்பும், பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் உள்ளேயே இருக்கும்.

சட்டப்புத்தகம்:

அதோடு ஒரு திகதி. அடிப்படை உரிமை மீறல் மனு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால் (தொலைபேசி 1996) விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் நீதிமன்றம் ஏற்காது, விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்க வேண்டும். பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால் ஒப்பமிட வேண்டாம். தமிழில் எழுதித் தரக் கேளுங்கோ, தமிழும் அரசகரும மொழிதான்.

கொட்டாஞ்சேனைப் பந்து:

வேலியில் 3 மீற்றர் கேற் வெட்ட வெல்டிங்காரனிடம் விலை கேட்டாயிற்று. கொண்டி எந்தப் பக்கம் என்று சுண்ணாம்பால் குறித்தும் விட்டோம்.