கீசர் அடியில் சொட்டுகிறது, டேங்க்கே போய்விட்டதா?

கீழ்வீடு_மேடவாக்கம்:
ஏழு வருடப் பழைய 25 லிட்டர் கீசர். போர்த் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும் ரகம். பத்து நாளாக அடியில் சொட்டுகிறது. மாமியார் கீழே ஒரு மக் வைத்திருக்கிறார், விடிவதற்குள் நிறைந்துவிடுகிறது. கணவர் எம்-சீல் பூசினார். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் ஒரு விரல் தள்ளிச் சொட்டியது! பிளம்பர் வந்தார், மூடியைக்கூடக் கழற்றாமல் "டேங்க் ஓட்டை, புதுசு வாங்கிடுங்க" என்றார். பார்க்காமலே சொன்னதுதான் உறுத்துகிறது. உண்மையாகவே டேங்க்தானா?

மொட்டைமாடி:
எங்கள் வீட்டில் சேஃப்டி வால்வில் சொட்டியது. அந்தத் துளையில் ஒரு குச்சியைச் செருகி டெஃப்லான் டேப் சுற்றிவிட்டேன். ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை.

பழைய ஸ்பானர்:
மொட்டைமாடி சார், முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அந்தக் குச்சியைப் பிடுங்குங்கள். 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 70 வரை சூடானால் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடும். வந்த வழியே திரும்பிப் போக வால்வு விடாது, அந்தத் துளைதான் வழி. அதையும் அடைத்து, சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் மாட்டிக்கொண்டால் வெடிக்கக்கூடும். சூடாகும்போது மட்டும் சொட்டுகிற வால்வு பழுதில்லை, அதன் வேலையைச் செய்கிறது.

மேடம், உங்கள் எம்-சீல் நிற்காததில் ஆச்சரியமில்லை. வெளி உடம்புக்கும் உள் டேங்க்குக்கும் நடுவே ஃபோம் இருக்கிறது. கசிவு ஓரிடம், சொட்டுவது வேறிடம். மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி பிரேக்கரை இறக்குங்கள், சுவிட்ச் மட்டும் போதாது. அடி மூடியைக் கழற்றி எல்லாவற்றையும் துடைத்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஹோஸ் முனை நனைந்தால் வாஷர். எலிமென்ட் (சூடாக்கும் கம்பி) மாட்டிய தட்டைச் சுற்றி நனைந்தால் கேஸ்கட், அதாவது அந்தத் தட்டின் ரப்பர் அடைப்பு. ஃபோமிலிருந்து துருத் தண்ணீர் வந்தால் பிளம்பர் சொன்னதுதான், டேங்க் போய்விட்டது.

கீழ்வீடு_மேடவாக்கம்:
எலிமென்ட் தட்டுப் பக்கம்தான் நனைந்தது, ஒரு போல்ட்டைச் சுற்றி உப்புப் பூத்திருக்கிறது. துரு இல்லை. கணவரே மாற்றலாமா?

பழைய ஸ்பானர்:
கரண்டு வேலை பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேஸ்கட் மட்டும் என்று சொல்லியே கூப்பிடுங்கள். அதே மாடலுக்கு உரியதாக இருக்கவேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். காலி டேங்க்கில் போட்டால் எலிமென்ட் போய்விடும்.

கீழ்வீடு_மேடவாக்கம்:
நேற்று வேறொருவர் வந்து மாற்றினார், முக்கால் மணி நேர வேலை. உள்ளிருந்து இரண்டு கைப்பிடி சுண்ணாம்பு கொட்டியது. மக் இன்று காய்ந்து கிடக்கிறது. நன்றி சார்.

பழைய ஸ்பானர்:
எலிமென்ட்டோடு ஒரு மெக்னீசியம் ராட் வந்திருக்குமே, எவ்வளவு மிச்சம்?

கீழ்வீடு_மேடவாக்கம்:
பென்சில் முனை மாதிரி ஒரு கம்பி. அப்படியே திரும்ப மாட்டிவிட்டார்.

பழைய ஸ்பானர்:
அட, அதையும் மாற்றியிருக்கலாமே. டேங்க்குக்குப் பதிலாக அரிபடுவது அதுதான். இந்த மாதத்துக்குள் புது ராட் போட்டுவிடுங்கள்.