பிளேடெஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

போன் கேம் ஆக்கும் நம் குழுவின் மாதக் கூடலுக்கான சுவரொட்டி இம்முறை முழுக்கத் தமிழில் போகிறது. புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளில் ஒட்டத்தான். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, 'பிளேடெஸ்ட்' (பாதி செய்த கேமைப் புதியவர் ஒருவரிடம் கொடுத்து ஆடவிட்டுப் பார்ப்பது) ஒன்றுதான் இடிக்கிறது. 'விளையாட்டுச் சோதனை' என்று போட்டால் பாதிப் பேர் உடற்கல்வித் துறை அறிவிப்பு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் பிழை பிடிக்கக் கூப்பிடுகிறோம் என்று வருகிறார்கள். அவர்களால்தான் கூடுதல் தொல்லை. உட்கார்ந்ததும் கேமுக்குள் இருக்கும் சுவரில் முட்டி முட்டி ஓட்டை தேடுகிறார்களே ஒழிய ஆட்டத்தை ஆடுவதில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சொல் தாருங்கள்.

— லாஸ்பேட்டையிலிருந்து

*

சொல் ஏற்கெனவே இருக்கிறது: வெள்ளோட்டம். தேரைப் புதிதாகச் செய்தாலோ பழுது பார்த்தாலோ சுவாமியை ஏற்றாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அது. வில்லியனூரிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி, யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. புதிதாக எதற்கு உருவாக்கவேண்டும்?

— திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

*

ஐயா, சொல் அழகானது. ஆனால் நாம் செய்யும் வேலைக்குப் பொருந்தவில்லை.

> சுவாமியை ஏற்றாமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள்

வெள்ளோட்டத்தில் தேர் முடிந்துவிட்டது. சக்கரம் ஓடுகிறதா, அச்சு தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. பிளேடெஸ்டில் பொருள் அரைகுறையாக இருக்கும்போதே, அதைப் பார்த்தேயிராத ஒருவரிடம் கொடுக்கிறோம். கேள்வி ஆட்டம் ஓடுகிறதா என்பதல்ல, அவருக்குப் புரிகிறதா, மேலே ஆடத் தோன்றுகிறதா என்பது. ஓடுகிறதா என்று பார்ப்பது கியூஏ, அதாவது தரச் சோதனை. அதை முடித்துவிட்டுத்தான் கூடலுக்கே வரவேண்டும்.

சொல்லுக்குள் என்னென்ன அடங்கவேண்டும் என்று தெரிய, முறையை எழுதிவிடுகிறேன். புதியவர்களும் இதைப் படிக்கட்டும்.

ஆளுக்கு 20 நிமிடம். 15 ஆட, 5 பேச. போனைக் கையில் கொடுத்தபின் ஆக்கியவர் வாயைத் திறக்கக்கூடாது. 'அந்தப் பச்சைக் கதவைத் தட்டுங்கள்' என்று ஒரு வார்த்தை விட்டால் அந்த ஆளிடமிருந்து கிடைக்கவேண்டியது போய்விட்டது. கடையில் இறக்கிவைத்த ஆட்டத்தோடு நீங்கள் கூடப் போகப்போவதில்லை. ஒரே இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் சிக்கிக்கொண்டால் மட்டும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கைகொடுக்கலாம். சொன்னதைவிடச் செய்ததை எழுதுங்கள்: எந்த நிமிடத்தில், எந்த இடத்தில், எந்தப் பொத்தானைத் தேடினார். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'ஷோ டேப்ஸ்' போட்டுத் திரைப்பதிவு எடுத்தால் விரல் பட்ட இடமெல்லாம் புள்ளியாகப் பதிவாகும். ஆட்டத்தில் இல்லாத பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று அதில்தான் தெரியும். முடிந்ததும் 'பிடிச்சிருந்துதா?' என்று கேட்கவேண்டாம், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். 'இதுல என்ன நடந்துது, சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் சொல்லும் கதைக்கும் நீங்கள் வைத்த கதைக்கும் உள்ள இடைவெளிதான் அடுத்த மாத வேலை.

இன்னொன்று. ஒருவர் ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒருமுறைதான் புதியவர். நம் வட்டம் சின்னது, எல்லாரும் எல்லாருடைய ஆட்டத்தையும் பார்த்தாயிற்று. அதனால்தான் கல்லூரிகளில் ஒட்டுகிறோம். வருகிற பத்துப் பேரையும் ஒரே நாளில் செலவழிக்காதீர்கள். ஐந்து பேரிடம் காட்டி, திருத்தி, அடுத்த ஐவரிடம் போங்கள். ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இணையதளங்களை வைத்து. ஆட்டத்துக்கும் முதல் சுற்றில் அது ஒத்துவருகிறது, ஆனால் ஆட்டத்தின் கடினத்தைச் சீர்செய்ய ஐந்து பேர் போதாது.

ஆகவே 'இன்னொருவரை ஆடவிட்டு நாம் பார்ப்பது' என்ற இரண்டும் சொல்லில் இருக்கவேண்டும்.

— முத்தியால்பேட்டையிலிருந்து

*

வெள்ளோட்டத்தைத் தூக்கிப்போடவேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், சோதித்துப் பார்க்க 12 பேரைச் சேர்த்து அவர்கள் தொடர்ந்து 14 நாள் நீங்காமல் இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கலாம் (முதலில் 20 பேர் என்று இருந்தது). அந்த 'குளோஸ்டு டெஸ்ட்'தான் அசல் வெள்ளோட்டம். நம் குழு ஒருவருக்கொருவர் அந்தப் பன்னிரண்டு பேராக நிற்பதையும் சுவரொட்டியில் சேருங்கள். பாதிப் பேர் அதற்காகவே வருவார்கள்.

ஏபிகே (ஆண்ட்ராய்டில் நிறுவும் கோப்பு) கொண்டுவருபவர்களுக்கு: குழுவில் இருவர் தத்தம் கணினியில் பில்ட் (போனில் ஏற்றும் ஆட்டப் பிரதி) எடுத்தால், அதில் கையொப்பமிடும் டீபக் சாவி வேறுவேறாக இருக்கும். பழையதன் மேல் புதியது ஏறாது. நீக்கிவிட்டுப் போட்டால் சேமித்த ஆட்டம் போய்விடும். சாவி இருக்கும் கோப்பான கீஸ்டோரை எல்லாரும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். திரையின் மூலையில் பில்ட் எண் தெரியட்டும். கேம் எஞ்சின் கோடோ 4 என்றால், வல்கன் என்ற வரைகலை முறை தகராறு செய்யும் பழைய போன்களுக்குக் கம்பாட்டிபிலிட்டி ரெண்டரரைத் தேர்ந்தெடுங்கள். யூனிட்டி எஞ்சினில் எழுத்து காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழ் எழுத்துகள் தாமாகச் சேர்வதில்லை. 'கெ' எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும். அதைப் படிக்கத் திணறுபவரைப் பார்த்து 'டுடோரியல் புரியவில்லை' என்று குறித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

— மஞ்சக்குப்பத்திலிருந்து

*

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இது: ஆட்டநோட்டம்.

காசு, பொன், மணி இவற்றின் தரம் பார்ப்பது நோட்டம், பார்ப்பவர் நோட்டக்காரர். உற்றுப் பார்த்து மதிப்பிடுவதுதான் வேர்ப்பொருள். ஆட்டம் + நோட்டம், மகரம் கெட்டு ஆட்டநோட்டம். ஆடுபவர் ஆடுநர், ஓட்டுநர் போல. கேமுக்கு 'ஆட்டம்' புழக்கத்தில் உள்ளதுதான், தமிழ் விக்கிப்பீடியாவில் வீடியோ கேம் 'நிகழ்பட ஆட்டம்'.

— திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

*

'நோட்டம் விடுவது' திருடன் வேலை ஆயிற்றே ஐயா. ஹாஸ்டல் சுவரில் ஒட்டினால் வார்டன் கிழித்துவிடுவார்.

— லாஸ்பேட்டையிலிருந்து

*

விட்டால்தான் திருடன், தம்பி. நோட்டம் பார்த்தால் தொழில். வினையை 'ஆட்டநோட்டம் பார்' என்று வைத்துக்கொள்ளுங்கள், 'விடு' வேண்டாம்.

— திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

*

எனக்குச் சம்மதம். நோட்டம் பார்ப்பவர் ஆக்கியவர், ஆடுநர் வேறு ஆள் என்று சொல்லே பிரித்துக் காட்டுகிறது. 'டெஸ்டர்' என்றால் இந்தப் பிரிவு வராது, வருகிறவர் தன்னைத்தான் சோதிக்கிறார்கள் என்று பதறுவார். 'பில்ட்'டுக்கு 'ஆட்டப்படி' என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது பில்டாகவே இருக்கட்டும்.

— முத்தியால்பேட்டையிலிருந்து

*

அச்சுக்குப் போகும் வரி:

'ஆட்டநோட்டம் — உள்ளூரில் உருவாகும் ஆட்டங்களை ஆட ஆடுநர் தேவை. கேம் ஆடிப் பழக்கம் வேண்டாம். பிழை தேட வேண்டாம். 20 நிமிடம் போதும்.'

அடியில் சின்ன எழுத்தில் 'பிளேடெஸ்ட்' என்றும் போடுகிறேன், முதல் சில மாதங்களுக்கு. பில்டுகள் வியாழன் இரவுக்குள் வரட்டும். சனிக்கிழமை மூன்று போன்களில் ஏற்றிப் பார்த்துவிடுகிறேன்.

— லாஸ்பேட்டையிலிருந்து