பிராமுக்குப் பிள்ளையை அனுப்பியவர்களே, உங்கள் கதை என்ன?

சான் ஹோசே அம்மா:

மகன் பதினொன்றாம் வகுப்பு. மே மாதம் பள்ளியில் பிராம், அதாவது பள்ளி ஆண்டு முடியும்போது நடக்கும் நடன விருந்து. கூடப் படிக்கும் பெண்ணைக் கேட்டானாம், அவளும் சரி என்றுவிட்டாளாம். நானும் அவன் அப்பாவும் திருச்சியில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்து படித்தவர்கள். செலவு, கார், திரும்பும் நேரம் எதுவும் பிடிபடவில்லை. அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, அது முடிவாகிவிட்டது. அனுப்பியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள்.

எடிசன் அக்கா:

"பட்டதை" என்று சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

கூடப் போகிற பெண் என்றதும் நம் வீடுகளில் பாதிப் பேர் மனசால் கல்யாண மண்டபம் வரை போய்விடுவார்கள். போக வேண்டாம். என் மகளிடம் ஒரு பையன் டோனட் டப்பாவும் கையால் எழுதிய சார்ட் அட்டையுமாக வந்து கேட்டான். ஒரே கத்தல், ஒரே படம், அன்றைக்கே இன்ஸ்டாகிராமில் ஏறியது. விசாரித்தால் கும்பலாகத்தான் போகிறார்கள், ஜோடி என்பது படத்துக்கு நிற்பதற்கும் மேஜையில் உட்காருவதற்கும். அப்படியே காதலாக இருந்தாலும், ஆசிரியர்கள் சுற்றி நிற்கிற ஹாலில் என்ன நடந்துவிடும்? நடுவில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஹாலைப் பற்றிய கவலையே வேண்டாம். கவலை ஹால் கதவு திறந்த பிறகுதான்.

எங்கள் நியூஜெர்சியில் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பது கட்டுப்பாடுகள் உள்ள லைசென்ஸ். நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், இது 2010 முதல் சட்டம். இரவு 11.01 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. பெற்றோர் காரில் இல்லையென்றால் கூட ஒருவரைத்தான் ஏற்றலாம். பிராம் முடிகிற நேரமோ பதினொன்றை ஒட்டி. ஆக, பிள்ளைகள் தாங்களே ஓட்டிக்கொண்டு போகலாம், வரத்தான் முடியாது! அதனால்தான் ஓட்டுநரோடு வாடகைக்கு எடுக்கிற இந்தப் பார்ட்டி பஸ், லிமோ என்கிற நீளக் கார் எல்லாம். ஆடம்பரம் என்று என் கணவர் முதலில் முணுமுணுத்தார். சட்டத்தைப் படித்துக் காட்டியதும் தன் பங்குப் பணத்தை அனுப்பிவிட்டார்.

அடுத்தது, 'அதற்கப்புறம் எங்கே?' எங்கள் பக்கத்தில் பிராம் முடிந்ததும் கடற்கரைக்கு, முக்கியமாக சீசைடு ஹைட்ஸுக்கு, வார இறுதி வாடகை வீட்டுக்குக் கிளம்புவது பல காலமாக இருக்கிற வழக்கம். இங்கே குடிக்கிற வயது 21. அந்த வீடுகளில் யாரும் வயது கேட்கப்போவதில்லை. நான் மட்டும் முடியாது என்றால் 'இந்திய அம்மா' பட்டம் கிடைக்கும் என்று தெரியும். அதனால் மகளிடம் எதுவும் சொல்லாமல் மற்ற வீடுகளுக்குப் போன் போட்டேன். குஜராத்தி அம்மா என் பக்கம், அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இத்தாலிய அப்பா. "நான் பதினெட்டு வயதில் அந்த மாதிரி வீட்டில் இருந்திருக்கிறேன். என் மகள் போக மாட்டாள்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அன்று இரவு எல்லாரும் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான். காலையில் அவரே பான்கேக் போட்டுக் கொடுத்தாராம்.

ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன்தான் அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டில் கட்டுகிற பூவான கோர்சாஜ் வாங்க வேண்டும். பூக்கடையில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கவுன் நிறத்தையும் சொல்லுங்கள். பையன் கோட்டில் குத்துகிற பூவைப் பெண் குத்த வேண்டும். என் மகளுக்கு அது வரவில்லை. ஊசி வெளியே துருத்திக்கொண்டு நின்றது, பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், பத்துக் கேமரா காத்திருந்தது. கடைசியில் என் கணவர் போய்க் காலரைத் திருப்பி, ஊசியைப் பின்பக்கமாகக் கோத்துக் குத்திவிட்டார். அதுவரை அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர்!

பிளேனோ அப்பா:

எடிசன் அக்கா சொன்ன டோனட்டெல்லாம் சின்ன விஷயம். டெக்சாஸில் பிராமுக்கு முன்னாடியே, ஃபுட்பால் சீசனில் ஹோம்கமிங் என்கிற பள்ளி விழா வந்துவிடும். அதில் 'மம்' என்று ஒன்று. பெரிய செயற்கைச் செவ்வந்திப் பூ, அதிலிருந்து பள்ளி நிறத்தில் கணுக்கால் வரை தொங்கும் ரிப்பன், குட்டி மணிகள், நடுவில் கரடி பொம்மை. சிலது விளக்கும் எரியும். பையன் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். பெண் பதிலுக்கு, பையன் கையில் மாட்டுகிற சின்ன வடிவத்தைக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பென்றால் வெள்ளையும் வெள்ளியும். கடையில் வாங்கினால் நூற்றுக்கணக்கான டாலர் போகும் என்று வீட்டிலேயே செய்தோம். 'தோம்' என்றால் நான். சூடான பசைத் துப்பாக்கியால் விரலைச் சுட்டுக்கொண்டு, நடுராத்திரியில் ரிப்பன் பின்னினேன். ஐஐடி நுழைவுத்தேர்வுக்குக்கூட இவ்வளவு நேரம் கண் விழித்ததில்லை.

பிராமில் எனக்கு இருந்த ஒரே வருத்தம் தேதி. மே முதல் இரண்டு வாரமும் ஏபி தேர்வுகள், பள்ளியிலேயே எழுதுகிற கல்லூரித் தரப் பரீட்சைகள். சனிக்கிழமை பிராம், திங்கட்கிழமை கால்குலஸ். யார் இந்த நாள் குறித்தது என்று கேட்டேன், மகள் பதிலே சொல்லவில்லை. சகோதரி, உங்கள் மகனுக்கு இது தேவைப்படாது, ஆனால் கூட வருகிறவர் வேறு பள்ளி என்றால் விருந்தினர் படிவம் உண்டு. அவர்கள் பள்ளி நிர்வாகத்தின் கையெழுத்தும் கேட்பார்கள், அதற்கு ஒரு வாரம் விடுங்கள்.

ஸ்காபரோ அன்ரி:

இங்கே ரொறன்ரோவில் எங்கட பிள்ளைகளுக்குப் பிராம் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில்தான், பள்ளிக்கூட ஜிம்மில் இல்லை, பாங்க்வெட் ஹோலில். மகள் ஹோலின் பெயரைச் சொன்னதும் அம்மம்மாவுக்குச் சிரிப்பு. "உன்ர சாமத்தியவீடும் அங்கேதானே?" என்றா. வயசுக்கு வந்த சடங்கைத்தான் சொன்னா. அதே மண்டபம், அதே லிமோ, முகத்துக்கு மேக்கப் போட்டதும் அதே அக்கா. பல்லக்குத்தான் இல்லை. அதற்குப் பிறகு அம்மம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, அவரே கவுனுக்குக் காசும் தந்தா.

கவுன் வாங்கும் முன் ஒன்று: ஒரே உடுப்பை இரண்டு பேர் போடக் கூடாதென்று, பெண் பிள்ளைகள் தங்கட உடுப்புப் படங்களைப் போடுவதற்கென்றே இன்ஸ்டாகிராமில் தனிப் பக்கம் வைத்திருக்கினம். முதலில் போட்டவருக்குத்தான் உரிமை. காணிப் பதிவு தோற்கும்!

சான் ஹோசே தங்கச்சி, உங்களுக்கு ஆண் பிள்ளை, செலவு குறைவு. வாடகைக் கோட்டுத்தான் வேலை. ஆனால் திருப்பிக் குடுக்கிற திகதியைக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி வையுங்கோ. கட்டாயம் சட்டைக்கைப் பொத்தான் ஒன்றைத் தொலைத்துவிட்டு வருவான், அதற்கும் காசு எடுப்பினம்.