அக்டோபர்ல ஃபீனிக்ஸ் போறதா? யார் சொன்னது?

கோட்டையூரான்:
நம்ம கோல்ஃப் ஆட்டக்காரங்க அமெரிக்காவுல அரிசோனாவுக்குப் போக, தேவகோட்டை ரஸ்தா போட்ட பயணத் திட்டத்தைப் படிச்சேன். "அக்டோபர் 8 முதல் 18 வரை ஃபீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல். கூட்டம் இருக்காது, கட்டணம் குறைச்சல், வெயிலும் தணிஞ்சிடும். பாலைவன கோல்ஃபுக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாது"ன்னு எழுதியிருக்கார். எட்டுப் பேர் வர்றேன்னு கை தூக்கியாச்சு. கூட்டம் ஏன் இருக்காதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கோர்ஸ், அதாவது ஆடற மைதானம், பூட்டிக் கிடக்கும். அதான்.

அங்கே கோடைக்குப் பெர்முடா புல். குளிர் இறங்கினா அது வளர்றதை நிறுத்திப் பழுப்பாயிடும். ஆனா வெளியூர் ஆள் காசோட வர்றது குளிர்காலத்துலதான், அவனுக்குப் பச்சையாக் காட்டணும். அதனால செப்டம்பர் கடைசியிலேருந்து அக்டோபர் வரைக்கும், குளிர் தாங்கற ரை புல்லை அது மேலேயே விதைக்கிறாங்க. ஓவர்சீட்ங்கறது இதுதான். தண்ணியைக் குறைச்சுப் பெர்முடாவை அடக்கி, ஒட்ட வெட்டி, கீறி, வெட்டினதை வாரி எடுத்துட்டு, ஃபேர்வேல, அதாவது தொடங்கற இடத்துக்கும் குழிக்கும் நடுவுல இருக்கிற புல்வெளியில, ஏக்கருக்கு 200லேருந்து 300 கிலோ விதை போடுவாங்க. விதை காயக் கூடாது, பகல்ல பல தடவை கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி. முளைக்க ஒரு வாரம், பத்து நாள். மிதி தாங்க அதுக்கு மேல ரெண்டு வாரம். நாத்தங்கால்ல யாராவது மாட்டை இறக்கி விடுவாங்களா?

தேவகோட்டை ரஸ்தா:
வந்துட்டார் புல் டாக்டர். அண்ணே, எல்லாக் கோர்ஸும் ஒரே நாள்ல பூட்டறதில்லை. டிபிசி ஸ்காட்ஸ்டேல்ங்கற இடத்துல ஸ்டேடியம், சாம்பியன்ஸ்னு ரெண்டு கோர்ஸ். வீ-கோ-பாவுல சவாரோ, சோயான்னு ரெண்டு. ரெண்டு கோர்ஸ் வச்சிருக்கிறவன் பொதுவா ஒண்ணை மூடினா இன்னொண்ணைத் திறந்து வைப்பான், வருமானம் வேணும்ல. சில இடத்துல ஃபேர்வேக்கு விதையே போடாம பச்சைச் சாயம் அடிச்சு விட்டுடறாங்க. இதெல்லாம் பார்த்துத்தான் திட்டம் போட்டேன்.

கோட்டையூரான்:
பூட்டுவாங்களா மாட்டாங்களா? அதுக்குப் பதில் வரலை.

தேவகோட்டை ரஸ்தா:
சிலது பூட்டும், சிலது திறந்திருக்கும்னு இப்பத்தானே சொன்னேன்.

கோட்டையூரான்:
அப்ப பூட்டுவாங்க. சரி.

கண்டனூர் தம்பி:
முதல்ல எதைப் பொது கோர்ஸ்னு சொல்றோம்னு பேசிக்கலாமா? பபாகோ ஃபீனிக்ஸ் நகராட்சியோடது, 1963ல திறந்தது. உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம், நமக்கு ஒரு கட்டணம். டிபிசி ஸ்காட்ஸ்டேல் பிஜிஏ டூர்ங்கற தொழில்முறை கோல்ஃப் அமைப்பு நடத்துறது, ஆனா காசு கட்டினா யாரும் ஆடலாம். வீ-கோ-பா ஃபோர்ட் மெக்டவல் யாவபாய் பழங்குடியினரோட நிலத்துல இருக்கு. மூணும் பொதுதான், ஆனா பதிவு, ரத்து விதிகள் மூணுலயும் வேற வேற. எதுக்குப் போறோம்னு தெரியாம மாசத்தைப் பத்திச் சண்டை போட்டா எப்படி?

பள்ளத்தூர் பங்காளி:
தம்பி, பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க. பூட்டு விஷயம் முடியட்டும்.

புதுவயல் ஆச்சி:
முடியாது போலிருக்கு. நான் நடைமுறையைச் சொல்றேன். திறந்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். புதுப் புல் வேர் பிடிக்கிற வரைக்கும் சில வாரம் கார்ட்டை, அதான் நம்மளை ஏத்திட்டுப் போற சின்ன வண்டியை, அதோட பாதையை விட்டு இறக்க விடமாட்டாங்க. பாதை வலது ஓரம், பந்து இடது ஓரம்னா அகலம் முழுக்க நடந்து போய், 'ஏழாம் நம்பர் மட்டை இல்லை, எட்டு வேணும்'னு திரும்பி வந்து, மறுபடி நடக்கணும். அதனால கார்ட்லேருந்து இறங்கும்போதே மூணு நாலு மட்டையைக் கையில எடுத்துக்கணும். அப்படியும் 18 குழி முடிக்க அஞ்சு மணி நேரம் தாண்டும். நம்ம எட்டுப் பேர்ல மூணு பேருக்கு முழங்கால் வலி. இன்னொண்ணு, மத்தியானத்துக்கு மேல மலிவாக் கிடைக்குதுன்னு 'ட்வைலைட்' டிக்கெட் போடாதீங்க. அக்டோபர் நடுவுல அங்கே ஆறு மணிக்கு முன்னாடியே சூரியன் விழுந்துடும். ரெண்டு மணிக்குத் தொடங்கினா கடைசி நாலஞ்சு குழி இருட்டுல.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொல்றது சரி, காலையில டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கற நேரம், எடுத்துக்கலாம். ஆனா மாசத்தை ஏன் மாத்தணும்? தையில வீட்டுக்கு வீடு கல்யாணம். மார்கழியில பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எல்லாரும் ஊருக்கு வந்தாகணும். மாசியில அவனவனுக்குப் படைப்பு. அண்ணன் சொல்ற 'சீசன்'ல, ஜனவரியிலேருந்து மார்ச் வரை, ஸ்டேடியம் கோர்ஸ் ஒரு ஆளுக்கு 300 டாலரைத் தாண்டும். யார் கட்டறது, அண்ணனா?

கோட்டையூரான்:
ஜனவரிக்குப் போகச் சொன்னேனா? எங்கே சொன்னேன்னு காட்டுங்க. நவம்பர் 10க்கு மேல போங்கன்னுதான் சொல்லப் போறேன். ரை புல் அப்பத்தான் புதுசாப் பச்சையா இருக்கும், கார்ட் தடையும் அநேகமா எடுத்திருப்பாங்க. பகல்ல 25 டிகிரிக்குப் பக்கம். நோன்புக்கு முன்னாடி திரும்பிடலாம். ஏன் அக்டோபர்லயே விதைக்கிறான்னு யோசிங்க. ராத்திரி வெப்பம் 18க்குக் கீழே வராம விதைச்சா பெர்முடா இன்னும் தெம்பா இருந்து ரை புல்லை முளைக்க விடாது. தள்ளிப் போட்டா குளிர்ல ரை மெதுவாத்தான் கிளம்பும். நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச நாள் இடைவெளியிலதான் ரஸ்தா எட்டுப் பேரை இறக்கப் பார்க்கறார்.

இன்னொண்ணையும் கேளுங்க. 'வெயில் தணிஞ்சிடும்'ங்கறார். அக்டோபர் முதல் வாரத்துல ஃபீனிக்ஸ்ல 38 டிகிரி தாண்டறது புதுசில்லை. 2023ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தொட்ட ஊர் அது, ஜூன் கடைசியிலேருந்து ஜூலை கடைசி வரை. அந்தச் சூடு ஒரே வாரத்துல இறங்கிடாது.

பள்ளத்தூர் பங்காளி:
காரைக்குடியில சித்திரை வெயில்ல கொப்புடையம்மன் திருவிழா பார்த்தவனுக்கு 38 ஒரு வெயிலா?

கோட்டையூரான்:
நமக்கு வேர்க்கும். அங்கே வேர்வை வந்ததே தெரியாம காஞ்சுடும். தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும், வெறும் தண்ணி பத்தாது, உப்புக் கலந்தது வேணும். தலை சுத்தின பிறகு குடிச்சா அந்த ரவுண்டு முடிஞ்சது.

பள்ளத்தூர் பங்காளி:
சரி சரி. புல்லை விடுங்க, புல்லுக்கு வெளியே என்ன பண்றதுன்னு யாராவது பேசினீங்களா? அந்த மாதிரி கோர்ஸ்ல 18 குழிக்கும் சேர்த்துப் புல் 90 ஏக்கருக்குப் பக்கம்தான், தண்ணிக் கட்டுப்பாடு அப்படி. மிச்சமெல்லாம் கல்லும் முள்ளும். பந்து தேட மூணு நிமிஷம். 2019க்கு முன்னாடி அஞ்சு, பழைய நினைப்புல நிக்காதீங்க. கிடைச்சும் அடிக்க முடியலைன்னா ஒரு அடி தண்டம் கட்டி, அடிச்ச இடத்துக்கே போகலாம், இல்லை குழியிலேருந்து நேர்கோட்டுல பின்னாடி போகலாம், இல்லை ரெண்டு மட்டை நீளத்துக்குள்ள போடலாம். ஆனா ரெண்டு மட்டை நீளம் போனாலும் முள்ளுக்குள்ளேயேதான் நிப்பீங்க, பெரும்பாலும். பாலைவனம் முழுக்கச் சிவப்புக் குச்சி நட்ட தண்டப் பகுதின்னு சில கோர்ஸ்ல உள்ளூர் விதி இருக்கும். ஸ்கோர் அட்டையோட பின்பக்கத்தை முதல் குழிக்கு அடிக்கத் தொடங்கற இடத்துலயே படிங்க. அது இருந்தா திரும்பி நடக்க வேண்டாம், எல்லை தாண்டின இடத்துப் பக்கத்துலயே போட்டுக்கலாம்.

புதுவயல் ஆச்சி:
கூடவே ஒரு சீப்பு. சோயாங்கற முள்ளுக் கள்ளியோட துண்டு உடம்புல ஒட்டினா கையால பிடுங்கக் கூடாது, அடுத்து கையில ஒட்டும். அகலப் பல் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சுல தள்ளணும். தள்ளற திசையில ஆள் நிக்கக் கூடாது. மிச்சம் தங்கற மெல்லிய முள்ளுக்கு இடுக்கி. புதருக்குள்ள கையை விட்டுப் பந்து எடுக்க வேண்டாம், அக்டோபர்ல கிலுகிலுப்பைப் பாம்பு இன்னும் நடமாடும். கல்லு மேல அடிக்கப் பழைய இரும்பு மட்டை ஒண்ணு தனியா எடுத்துக்குங்க, நல்ல மட்டையோட அடி சிராய்ஞ்சு போயிடும். பந்தும் பழசாவே இருக்கட்டும், ஆளுக்கு ஒரு டஜனுக்குக் குறையாம.

தேவகோட்டை ரஸ்தா:
பாலைவனத்துல பந்து நிறையத் தூரம் போகும். அதனால பெரிய மட்டையே தேவைப்படாது, சுமையைக் குறைக்கலாம்.

கோட்டையூரான்:
யார் சொன்னது? நீங்க ஆடறதெல்லாம் கொடைக்கானல்ல. அது 2,100 மீட்டருக்குப் பக்கம், காத்து மெலிசு. கீழே 150 கஜம் போற இரும்பு அங்கே 160ஐத் தாண்டும். ஃபீனிக்ஸ் 330 மீட்டர்தான். சூட்டுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கொடைக்கானல் கணக்கை வச்சு அடிச்சா பந்து கிரீனுக்கு, அதான் குழி இருக்கிற புல்தரைக்கு, முன்னாடி இருக்கிற கல்லுலதான் விழும். உங்களுக்கு மட்டை கூடுதலா வேணும், குறைச்சலா இல்லை. இது தெரியாதவர் போட்ட திட்டத்தைத்தான் எட்டுப் பேர் நம்பியிருக்காங்க.

தேவகோட்டை ரஸ்தா:
போன தடவை மலையில 24 ஹேண்டிகேப், அதாவது மொத்த அடியில கழிச்சுக்கற சலுகைன்னு எழுதிக் கொடுத்துட்டு 82 அடிச்ச ஆள் எனக்குக் கணக்குச் சொல்றார்.

கோட்டையூரான்:
அதுக்கும் அக்டோபருக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளத்தூர் பங்காளி:
82ல 24 போக நிகரம் 58. ஜெயிச்ச வெள்ளித் தட்டு இன்னும் கோட்டையூர்லதான் இருக்கு. சும்மா ஞாபகப்படுத்தறேன்.

கோட்டையூரான்:
தட்டு வேணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க. பூட்டுக்குப் பதில் சொல்லுங்க.

கண்டனூர் தம்பி:
பெரும்பாலான கோர்ஸ் ஓவர்சீட் தேதியைத் தங்களோட இணையப் பக்கத்துலயே போட்டுடும். மூடற நாள், திறக்கற நாள், கார்ட் தடை எது வரைக்கும்னு மூணையும் பார்த்தாப் போதும். தெரியலைன்னா புரோ ஷாப்புக்கு, அதான் கோர்ஸோட கடைக்கு, ஒரு மின்னஞ்சல். 'கிரீன் மட்டுமா, ஃபேர்வேயும் சேர்த்தா'ன்னு கேக்கணும். அது முடிஞ்சதும் டிக்கெட் போடலாம். அதுக்கும் முன்னாடி விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கணும். அதை யாருமே பேசலை.

தேவகோட்டை ரஸ்தா:
நான் அக்டோபர் 7 சென்னை-தோஹா பார்த்து வச்சாச்சு.

கோட்டையூரான்:
பார்த்து வச்சீங்களா, காசு கட்டியாச்சா? தோஹாவுலேருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போய், அங்கே இறங்கி இன்னொரு விமானம் பிடிக்கணும். அந்த அலுப்போட மறுநாளே கோர்ஸ்ல நின்னா உங்களை வரவேற்கப் போறது ஒரு போர்டு. என்ன எழுதியிருக்கும்? பூட்டு.

புதுவயல் ஆச்சி:
டீ டைம் பதிவு திறக்கற நேரத்தையாவது சரியாக் குறிச்சுக்குங்க. ரஸ்தா அண்ணன் திட்டத்துல பதினொன்றரை மணி வித்தியாசம்னு இருக்கு. பன்னிரண்டரை. அங்கே காலை ஆறுன்னா நமக்கு சாயந்திரம் ஆறரை.

தேவகோட்டை ரஸ்தா:
கோடையில ஒரு மணி குறையும் ஆச்சி, அமெரிக்கா முழுக்கக் கடிகாரத்தை மாத்துவாங்க.

புதுவயல் ஆச்சி:
அரிசோனாவுல மாத்த மாட்டாங்க. நவஹோ பகுதி மட்டும் விதிவிலக்கு. வருஷம் முழுக்கப் பன்னிரண்டரைதான்.

தேவகோட்டை ரஸ்தா:
என் போன் வேற காட்டுது.

பள்ளத்தூர் பங்காளி:
போன்ல லாஸ் ஏஞ்சலிஸ் நேரத்தைப் பார்த்திருப்பார்.

தேவகோட்டை ரஸ்தா:
லாஸ் ஏஞ்சலிஸ்னா பன்னிரண்டரைதானே வரும்? இல்லை, நவம்பர்ல பதிமூன்றரையா? குழப்பாதீங்கய்யா.

கோட்டையூரான்:
நேரமும் தெரியலை, புல்லும் தெரியலை, தூரமும் தெரியலை. எட்டுப் பேருக்குத் தலைவர்.

தேவகோட்டை ரஸ்தா:
நீங்க வரவே வேண்டாம் அண்ணே. ஏழு பேரா போறோம்.

பள்ளத்தூர் பங்காளி:
ஒரு குழுவுக்கு நாலு பேர், ஏழுன்னா நாலும் மூணும். அந்த மூணுல தெரியாத ஆள் ஒருத்தனைச் சேர்த்து விடுவான், பொது கோர்ஸ்ல அப்படித்தான். நான் நாலுல இருக்கேன், இப்பவே சொல்லிட்டேன்.

கண்டனூர் தம்பி:
யார் நாலுல, யார் மூணுலன்னு ஹேண்டிகேப் வச்சுப் பிரிக்கலாமா?

பள்ளத்தூர் பங்காளி:
எந்த ஹேண்டிகேப்? எழுதிக் கொடுத்ததா, அடிச்சதா?