பார்லிங் குண்டுவீச்சு விமானம்: 6 இன்ஜின் இருந்தும் மலையைத் தாண்டாதது ஏன்?

வாலிறக்கை:
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ராணுவம் செய்து பார்த்த சோதனை இரவுக் குண்டுவீச்சு விமானமான எக்ஸ்என்பிஎல்-1-ஐ (பார்லிங் என்று அழைக்கப்படுவது) ஃப்ளைட் சிமுலேட்டருக்காக உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓஹியோ மாநிலத்தின் டேட்டனில் 1923 ஆகஸ்ட் 22 அன்று முதல் பறப்பு. 420 குதிரைத்திறன் லிபர்ட்டி இன்ஜின்கள் 6, இறக்கை விரிவு 36.6 மீ, இறக்கைப் பரப்பு 373 ச.மீ., முழுச் சுமையோடு 19,309 கிலோ. கடல் மட்டத்தில் மணிக்கு 154 கி.மீ., உயர எல்லை 2,355 மீ.

இடிக்கிற இடம் இதுதான். டேட்டனிலிருந்து வாஷிங்டனுக்குப் பறக்கும் திட்டம், அப்பலாச்சியன் மலையைத் தாண்ட முடியாததால் கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பக்கத்தில் மிக உயரமான ஸ்ப்ரூஸ் நாப் சிகரமே 1,482 மீ.தான். 850 மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறதே! என் மாடல் தயங்காமல் ஏறிப் போய்விடுகிறது. எந்த எண்ணை மாற்ற வேண்டும்?

மூவிறக்கை:
பெரும்பாலும் உங்கள் பின்னிழுப்புக் கெழு (காற்று விமானத்தை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்பதைக் காட்டும் எண்) குறைவாக இருக்கும். 154 கி.மீ. வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மொத்தம் 2,520 குதிரைத்திறன். புரொப்பெல்லர் அதில் 65% உந்துவிசையாக மாற்றுகிறது என்று கொண்டால், மொத்தப் பின்னிழுப்புக் கெழு 0.068 அளவில் வரும். தூக்குவிசையோடு சேர்ந்து வரும் பங்கு சுமார் 0.015. அதைக் கழித்தால் மிஞ்சும் 0.053 முழுக்க இறக்கைத் தூண்கள், இழுகம்பிகள், சக்கரங்கள், திறந்த துப்பாக்கி மேடைகள் கொடுப்பது. இன்றைய விமானத்தின் 0.025-ஐப் போட்டால் மலை ஏறத்தான் செய்யும்.

அடுத்து, 2,355 மீ. என்ற எண்ணை வைத்து மலையைத் தாண்டும் என்று முடிவு செய்யக் கூடாது. அந்த உயரத்தை நெருங்கும்போது ஏறும் வேகம் கிட்டத்தட்ட வற்றிப்போயிருக்கும். ஏறுவதற்கு ஏற்ற வேகம் மணிக்கு 110 கி.மீ. அளவில்தான். அந்த வேகத்தில் புரொப்பெல்லர் திறன் 60% என்று வைத்தால் கிடைப்பது 1,512 குதிரைத்திறன், மட்டமாகப் பறக்கத் தேவைப்படுவது சுமார் 960. கடல் மட்டத்தில் கையில் 550 மிச்சம்.

1,500 மீட்டரில் என்ன ஆகிறது பாருங்கள். காற்றின் அடர்த்தி 86% ஆகிறது. சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத லிபர்ட்டி 85% திறன்தான் கொடுக்கும். அதே நேரம் மட்டமாகப் பறக்கத் தேவையான திறன் 7-8% கூடுகிறது. கிடைப்பது 1,280, தேவை 1,040. மிச்சம் 240 குதிரைத்திறன், அதாவது வினாடிக்கு 1 மீட்டருக்கும் குறைவான ஏற்றம். எதிர்க்காற்றில் வந்து மேட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் நுழைந்தால் வினாடிக்கு 2 மீட்டர் கீழ்நோக்கிய காற்று சாதாரணம். இந்த விமானம் அங்கே இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

லிபர்ட்டி12:
மூவிறக்கை சொன்ன கணக்கிலேயே ஓர் இன்ஜினை நிறுத்திப் பாருங்கள். 1,280-இல் ஆறில் ஒரு பங்கு போனால் 1,066. தேவை 1,040. மிச்சம் 26. நின்றுபோன இன்ஜினின் மரப் புரொப்பெல்லர் இதழ்களைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பி வைக்க வழியில்லை. அதுவே காற்றைத் தடுத்து அந்த 26-ஐயும் தின்றுவிடும். ஆறு இன்ஜின் இருப்பதால் ஒன்று நின்றால் பரவாயில்லை என்பது இங்கே செல்லாது. தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜின் ஆறு என்றால், ஒழுக வாய்ப்புள்ள ரேடியேட்டர் இணைப்புகளும் ஆறு மடங்கு.

இன்னொன்று: உள்பக்க இரண்டு இடங்களில் இன்ஜின்கள் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். பின்னால் உள்ள புரொப்பெல்லர் முன்னது கலக்கிவிட்ட காற்றில் சுழல்கிறது. ஆறுக்கும் ஒரே திறனைக் கொடுக்காதீர்கள், பின்னிரண்டுக்கும் சில சதவீதம் குறையுங்கள்.

மரச்சட்டம்:
சக்கரங்களை மறந்துவிடாதீர்கள். மொத்தம் 10. அவற்றில் இரண்டு மூக்குக்கு அடியில், விமானம் முன்பக்கம் கவிழாமல் தடுக்க. அந்த இரண்டும் ஏன் என்று தெரிய, இதன் வடிவமைப்பாளர் வால்டர் பார்லிங் இங்கிலாந்தில் முன்பு வடிவமைத்த டாரண்ட் டேபர் குண்டுவீச்சு விமானத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் மூன்றடுக்கு இறக்கை, 6 இன்ஜின். ஆனால் இரண்டு இன்ஜின்கள் மேல் இறக்கைக்கும் நடு இறக்கைக்கும் இடையே, தரையிலிருந்து வெகு உயரத்தில். 1919 மே 26 அன்று ஃபார்ன்பரோவில் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது மேல் இன்ஜின்களுக்கு முழு விசை கொடுத்தார்கள். உந்துவிசைக் கோடு எடை மையத்துக்கு மேலே இருந்ததால் வால் தூக்கி, மூக்கு தரையில் குத்தியது. விமானிகள் டன், ராலிங்ஸ் இருவரும் காயங்களால் இறந்தார்கள். பார்லிங் விமானத்தில் ஆறு இன்ஜின்களும் ஒரே மட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சிமுலேட்டரில் உந்துவிசைக் கோட்டை உயர்த்தி வைத்தால் இல்லாத குணம் வந்துவிடும்.

வாலிறக்கை:
மிக்க நன்றி. இதே சமயத்தில் இருந்த அமெரிக்க இரவுக் குண்டுவீச்சு விமானமான மார்ட்டின் என்பிஎஸ்-1-ஐ ஒப்பிட்டுச் சரிபார்க்கலாமா?

மூவிறக்கை:
தாராளமாக, அதுதான் நல்ல உரைகல். அதே லிபர்ட்டி இரண்டு, எடை சுமார் 5,500 கிலோ. குதிரைத்திறனுக்கு 6.5 கிலோ. பார்லிங்கில் 7.7. மூன்று மடங்கு இன்ஜின், மூன்றரை மடங்கு எடை. வேகமோ மணிக்கு 5 கி.மீ. குறைவு. 2,270 கிலோ குண்டோடு பார்லிங் போன தூரம் 275 கி.மீ.தான். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுத் தளபதிகளில் ஒருவரான பில்லி மிட்செல் எதிர்பார்த்த நெடுந்தூரத் தாக்குதலுக்கு இது பயன்படவில்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு விமானத்தோடு திட்டம் நின்றது, 1927-இல் பிரித்துக் கிடங்கில் போட்டார்கள்.

முதலில் 0.053 போட்டு, காற்றில்லாமல் முழு எடையில் ஏறவிடுங்கள். 2,000 மீட்டரில் ஏறும் வேகம் வினாடிக்கு அரை மீட்டரை ஒட்டி வந்தால் மாடல் சரி. அதற்குப் பிறகு மலைக்காற்றை இயக்குங்கள்.