அணை கட்டியவன் எப்படி ஏகாதிபத்தியவாதி?

திருவையாற்றுக்காரன்:
தங்கச்சி குரூப் தேர்வுக்குப் படிக்கிறாள். ஏகாதிபத்தியத்தின் நோக்கங்கள் என்றால் மூலப்பொருள், சந்தை, ராணுவம் என்று கடகடவென ஒப்பிக்கிறாள். சரி, நம்ம தஞ்சாவூரில் அது எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறாள் (எனக்கும் தெரியாது, அது வேற). இங்கே சுரங்கமா இருந்தது? நெல்தான். பெரிய போர் நடந்து ஊர் விழுந்ததாகவும் படித்த ஞாபகம் இல்லை. எங்க பெரியப்பாவோ வெள்ளைக்கார இன்ஜினியர் காட்டன் துரை அணை கட்டாவிட்டால் டெல்டாவே இல்லை என்று அடித்துப் பேசுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கொள்ளிடக்கரை:
போர் நடக்காமலா? 1749இல் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருந்த தேவிக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. தஞ்சாவூர்ப் பட்டத்தை இழந்த ஷாஜி, அப்போது ஆண்ட பிரதாப சிங்குக்கு எதிராக உதவி கேட்டு அவர்களிடம் போனார். கோட்டை கைக்கு வந்ததும் ஷாஜியைக் கழற்றிவிட்டு பிரதாப சிங்கோடு சமாதானம் செய்துகொண்டார்கள். பங்காளிச் சண்டையில் பஞ்சாயத்து பண்ண வந்தவன் வீட்டை எழுதி வாங்கிய கதைதான்.

அப்புறம் வந்தது கடன். ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கிக் குவித்திருந்தார். 1773இல் கம்பெனிப் படையை வைத்தே தஞ்சையைப் பிடித்து, மன்னர் துளஜாவைச் சிறை வைத்தார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை, அதனால் 1776இல் கம்பெனியின் சென்னை கவர்னர் பிகட் வந்து துளஜாவைத் திரும்ப உட்கார வைத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், தஞ்சாவூர் வருமானமும் வயலில் நிற்கிற பயிரும் கடனுக்கு ஈடாக எனக்குச் சேர வேண்டியவை என்று கிளம்பினார். வாங்குவது சின்னச் சம்பளம், கேட்பதோ ஒரு ராஜ்ஜியத்தின் விளைச்சல்! கவர்னரின் கவுன்சிலில் பெரும்பான்மை அவர் பக்கம் நின்று கவர்னரையே கைது செய்தது. பிகட் 1777இல் காவலிலேயே இறந்தார்.

முக்கொம்பு பார்ட்டி:
பெரியப்பா சொல்வது முழுக்கத் தப்பில்லை தம்பி. கொள்ளிடம் பள்ளம், தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், காவிரி மணல்மேடாகிக்கொண்டே வந்தது. 1836இல் முக்கொம்பு மேலணை கட்டும் வேலை ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பக்கம் தண்ணீர் நிலைத்தது. ஆனால் யாருக்காகக் கட்டினார்கள் என்று பாருங்கள். 1799இல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் தஞ்சை மன்னர் சரபோஜிக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, வருஷத்துக்கு 1 லட்சம் வராகன் (அந்தக் காலத்துப் பொற்காசு), நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. நிர்வாகமும் மீதி வருவாயும் கம்பெனிக்கு. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் கிஸ்தி எங்கிருந்து வரும்? கல்லணை அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே நிற்கிறது, காட்டனே அதைப் பார்த்துத்தான் பாடம் கற்றார்.

நாகூர் பக்கத்து ஆள்:
எல்லாரும் வரியையே பேசுறீங்க, ஆளையும் ஏற்றிக்கொண்டு போனதை விட்டுட்டீங்களே. நிலமில்லாத கூலிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா தோட்டங்களுக்குப் போனார்கள். காரைக்காலில் பிரெஞ்சுக்காரன், 1848இல் அவன் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும் ரீயூனியன், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் ஏற்றினான். இங்கே பண்ணையில் பட்ட அடியும் பட்டினியும் அவர்களைத் துறைமுகம்வரை தள்ளியது. அதையும் சேர்த்துச் சொல்லணும், பழியை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டினால் நம்ம ஊர் மிராசுதார்கள் தப்பித்துவிடுவார்கள்.

குடவாசல் குசும்பன்:
ராஜேந்திர சோழன் 1025இல் கடாரத்துக்குப் போனது மட்டும் சுற்றுலாவா?

கொள்ளிடக்கரை:
யார் அப்படிச் சொன்னது? அங்கிருந்து வித்தியாதரத் தோரணம் என்ற அலங்கார வாசலைக் கொண்டுவந்ததை மெய்க்கீர்த்தியே பெருமையாகப் பாடுகிறது. அதுவும் பேரரசுதான். தனி இழை போடுங்க, அங்கே அடித்துக்கொள்வோம்.

திருவையாற்றுக்காரன்:
மூன்று பேருக்கும் நன்றிண்ணே. அந்த பென்ஃபீல்டுக்குப் பணம் வந்து சேர்ந்ததா இல்லையா?

கொள்ளிடக்கரை:
அதுதான் கொடுமை. நவாபின் கடன்களைச் சரியாக விசாரிக்காமலேயே கர்நாடக (நவாப் ஆண்ட பகுதி, இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) வருவாயிலிருந்து அடைக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்தது. 1785இல் எட்மண்ட் பர்க் என்ற எம்.பி. பிரிட்டிஷ் பார்லிமென்டில் பென்ஃபீல்டைப் பேர் சொல்லியே கிழித்தார். முடிவு மாறவில்லை. பென்ஃபீல்ட் அதற்கு முன்பே அங்கே எம்.பி. ஆகியிருந்தார்.